வீட்டைச் சுற்றித் தண்ணீர் வடிய, கொசு சேராதிருக்க: டெல்டாவில் புதிதாக வீடு கட்டியவர்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், புதிதாக எழும் நகர்கள் பெரும்பாலும் நஞ்சையில் மண்ணடித்து மேடாக்கிய மனைகள்தான். அடியில் களி. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் ஒருமுறை ஊறிவிட்டால் தண்ணீர் கீழே இறங்குவது நின்றேபோகும். சென்னையின் மணற்பாங்கான இடங்களில் பலன் தரும் உறிஞ்சு குழியை அப்படியே இங்கே தோண்டினால், காசு போவதோடு கொசுவும் சேரும். ஆகவே களிமண் மனையில் தண்ணீரை உள்ளே இறக்க மல்லுக்கட்ட வேண்டாம். வடியவிடுங்கள், வடியாததைச் சேமியுங்கள், சேமித்ததைக் கொசு ஒன்றுகூட நுழையாதபடி மூடுங்கள். மனையில் எந்த இடத்திலும் 3 நாளுக்கு மேல் தண்ணீர் திறந்து நிற்கக் கூடாது. கொசு முட்டையிட்டுப் பொரிந்து பறக்க இங்கே வெயிலில் 7 முதல் 10 நாள் ஆகும். அடைமழையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஏறும் என்பதால் 3 நாள் கணக்கே பாதுகாப்பு.

இந்த வேலையெல்லாம் ஆவணியில் தொடங்கிப் புரட்டாசிக்குள் முடிய வேண்டும். ஐப்பசி பிறந்தபின் கொத்தனாரும் கிடைக்கமாட்டார், சிமென்ட்டும் காயாது.

முதலில் மட்டம் பார்ப்பது

டெல்டாவில் நிலம் கண்ணுக்குச் சமதளம். எந்தப் பக்கம் வாட்டம் என்று பார்வையால் சொல்ல முடியாது. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும்: சுண்டுவிரல் பருமனில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், 50 அடி. அதில் தண்ணீர் நிரப்பும்போது குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. குமிழி இருந்தால் இரண்டு முனையும் ஒரே மட்டம் காட்டாது, அளவு அங்குலக் கணக்கில் தவறும். குழாயை உயரத் தூக்கி விரலால் சுண்டிக் குமிழியை வெளியேற்றுங்கள். ஒருவர் ஒரு முனையை வாசற்படியில் பிடிக்க, இன்னொருவர் மறுமுனையைக் கொல்லையின் நான்கு மூலைகளிலும், தெருவிலும், தெருச் சாக்கடையிலும் பிடித்து, சுவரிலோ குச்சியிலோ கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். தூரம் அதிகமானால் நடுவில் ஒரு குச்சி நட்டு இரண்டு கட்டமாக அளக்கலாம்.

மூன்று அளவுகள் கைக்கு வர வேண்டும். உங்கள் மனையின் ஆகத் தாழ்ந்த மூலை எவ்வளவு கீழே இருக்கிறது, தெருச் சாக்கடையின் அடிமட்டம் எவ்வளவு, கனமழையில் அந்தச் சாக்கடையில் தண்ணீர் எதுவரை ஏறி நிற்கும். மூன்றாவதைக் கருவி சொல்லாது. தெருவில் பத்து வருஷமாக இருப்பவரைக் கேளுங்கள், அல்லது எதிர்ச்சுவரில் பாசிக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கார்த்திகையில் ஆறும் வாய்க்காலும் நிரம்பி ஓடும்போது ஊர் வடிகால் போய்ச் சேர இடமில்லாமல் எதிர்த்து நிற்கும். நாகப்பட்டினம் பக்கம் கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ளும். சாக்கடை அடிமட்டம் தாழ்வாக இருக்கிறதே என்று நம்பிக் குழாய் பதித்தவர் வீட்டுக்குள் அதே குழாய் வழியாகத் தெருத் தண்ணீர் வரும்.

கொல்லை மூலையிலிருந்து தெருச் சாக்கடை வரை 60 அடி என்று வையுங்கள். நூற்றுக்கு ஒன்று வாட்டம் கொடுத்தால் 7 அங்குல இறக்கம் வேண்டும். அந்த 7 அங்குலம் கிடைக்கவில்லை என்றால் 200க்கு ஒன்றுவரை குறைக்கலாம், அதாவது மூன்றரை அங்குலம். அதற்குக் கீழே போனால் வண்டல் படிந்து ஆங்காங்கே குட்டை கட்டும்.

தெரு நீர்மட்டம் உங்கள் கொல்லையைவிட உயரமாக நிற்கும் என்று தெரிந்தால், வாட்டம் கொடுத்துப் பயனில்லை. வெளியேறும் குழாயில், தண்ணீரை வெளியே மட்டும் விட்டுத் திரும்ப வராமல் தடுக்கும் நான்-ரிட்டன் வால்வு ஒன்று போட்டு, அதற்கு உள்ளே 2 அடிக்கு 2 அடி, 3 அடி ஆழத்தில் ஒரு சேகரத் தொட்டி கட்டி, அரை எச்.பி. கழிவுநீர் மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். இந்தத் தொட்டியின் அடியில் மோட்டார் எடுக்காத கையளவு தண்ணீர் எப்போதும் மிஞ்சும். மழை விட்டதும் அதை மக்கால் மொண்டு கொட்டிவிடுங்கள். மூடியில் இடைவெளி இருந்தால் கொசுவலை அடியுங்கள். வால்வின் நாக்கில் பிளாஸ்டிக் பையோ குச்சியோ சிக்கினால் அது மூடாது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டிய பொருள் அது.

எவ்வளவு தண்ணீர் வரும், மண் எவ்வளவு குடிக்கும்

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லி மீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். காற்றழுத்தத் தாழ்வு வந்து ஒரு நாளில் 100 மில்லி மீட்டர் கொட்டினால் 9,300 லிட்டர், நனைவிலும் தெறிப்பிலும் போனது போகச் சுமார் 8,000 லிட்டர். இப்போது 3 அடி அகலம், 8 அடி ஆழத்தில் ஒரு வட்டக் குழியைக் கணக்குப் பாருங்கள். வெறும் குழியாக 1,600 லிட்டர் பிடிக்கும். ஜல்லி நிரப்பினால் இடுக்குகளில் 600, 650 லிட்டர்தான். ஒரு நாள் மழையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மண் வேகமாகக் குடித்தால்தான் இந்தக் குழிக்கு அர்த்தம்.

மண் குடிக்குமா என்று பார்க்க, குழி போட நினைக்கும் இடத்தில் 1 அடிக்கு 1 அடி, 2 அடி ஆழத்தில் தோண்டி முதல் நாள் மாலை தண்ணீர் நிரப்பி ஊறவிடுங்கள். வெடித்த களியில் முதல் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கும், அதை நம்பக் கூடாது. மறுநாள் காலை மீண்டும் ஓர் அடி உயரத்துக்கு நிரப்பி, ஒரு குச்சியில் அளவிட்டு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று நான்கு மணி நேரம் பாருங்கள். மணிக்கு அரை அங்குலம் என்றால் 3 அடித் தண்ணீர் இறங்க 72 மணி நேரம். அதைவிட மெதுவாக இறங்கும் மண்ணில் உறிஞ்சு குழி வேண்டாம். மணிக்கு 2 அங்குலத்துக்கு மேல் இறங்கினால் தாராளமாகப் போடலாம். கொள்ளிடக் கரையோரமும் வேதாரண்யம் பக்கத்து மணலிலும் அப்படி இறங்கும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அடைமழையில் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதற்குக் குறைந்தது 3 அடி மேலேயே உங்கள் குழியின் அடி முடிய வேண்டும்.

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு பல வீடுகளில் பேருக்கு ஒரு குழி இருக்கிறது. பழைய வீடு வாங்கியவர்கள் முதல் வேலையாக அதன் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மழை விட்டு 3 நாள் ஆகியும் தண்ணீர் பளபளத்தால், மேலடுக்கு மணலை அள்ளி மாற்றுங்கள். பெரும்பாலும் சேறு அடைத்திருப்பது மேல் அரையடியில்தான். மாற்றியும் இறங்கவில்லை என்றால் அது மண்ணின் குணம். குழாயைத் திருப்பி வேறு வழியில் விட்டுவிட்டுக் குழியை மண் போட்டு மூடுவதே நல்லது.

களி மனையில் மாடித் தண்ணீருக்கு உகந்த இடம் கிணறோ சம்ப்போதான். நடுவில் ஒரு வடிகட்டித் தொட்டி வேண்டும்: 2 அடிக்கு 2 அடி, இரண்டரை அடி ஆழம். அடியில் 40 மி.மீ. ஜல்லி 8 அங்குலம், அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி 6 அங்குலம், நைலான் வலை விரித்து மேலே கழுவிய பருமணல் 8 அங்குலம். வெளியேறும் குழாய் தொட்டியின் அடிமட்டத்திலேயே இருக்க வேண்டும். அரையடி உயர்த்தி வைத்துவிட்டால் அந்த அரையடித் தண்ணீர் ஜல்லிக்குள் நிரந்தரமாகத் தேங்கிவிடும். கட்டும்போது கொத்தனார் செய்யும் பொதுவான பிழை இது. பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதல் மழையின் அழுக்கைக் கழிக்க இறக்குக் குழாயில் 'டி' (T) வடிவ இணைப்பு ஒன்று போட்டு அடிமூடி வைப்பார்கள். 4 அங்குலக் குழாய் மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும், 1,000 சதுர அடி மாடியின் தூசுக்கு அது போதாது. பருவத்தின் முதல் இரண்டு மழைக்கு மூடியைக் கழற்றியே வைத்துவிடுங்கள். பிறகு மூடும்போது, மூடியின் நடுவில் 3 மி.மீ. துளை ஒன்று இருக்கட்டும். துளை இல்லாவிட்டால் அந்தக் குழாய்த் துண்டில் நிற்கும் தண்ணீரே கொசுவுக்குப் போதும்.

மாடியும் சன்ஷேடும்

4 அங்குல இறக்குக் குழாய் ஒன்று, மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பெய்யும் மழையிலும் சுமார் 85 சதுர மீட்டர் மாடியைத் தாங்கும். அதற்காக ஒன்றோடு விட்டுவிட வேண்டாம். வேப்பிலையோ புங்கன் சருகோ ஒரு வாயை அடைத்தால் இன்னொன்று வேண்டும். ஆகவே சிறு மாடிக்கும் இரண்டு. வாயில் வைக்கும் சல்லடை குமிழ் போல மேலெழுந்திருக்க வேண்டும். தட்டையான சல்லடையை ஒரே ஓர் ஆலிலை மூடிவிடும்.

மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மாடிக்கு ஏறி, தண்ணீர் நிற்கும் இடங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். காய்ந்த பிறகு அந்த இடத்தைக் கொத்தி, சிமென்ட் பால் தடவி, ஒன்றுக்கு மூன்று கலவையில் மட்டம் ஏற்றுங்கள். கொத்தாமல் மேலாகப் பூசினால் அடுத்த கோடையில் அப்பளமாகப் பெயர்ந்து வரும்.

எல்லோரும் மறப்பது சன்ஷேட்டின் மேற்பரப்பை. அதற்கு வைத்திருக்கும் ஓர் அங்குலக் குழாய் ஒரு சருகிலேயே அடைபடும். அரை அங்குலத் தண்ணீர், கொஞ்சம் மண், நிழல்: டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது இதைத்தான். வீட்டுக்குள் பகலில் கொசு கடிக்கிறது, எங்கே பார்த்தாலும் தேக்கம் இல்லை என்றால், ஏணி போட்டுச் சன்ஷேடைப் பாருங்கள். குழாயை 2 அங்குலமாக மாற்றிவிடுவது நிரந்தரத் தீர்வு. ஓட்டு வீடுகளில் இதே வேலையைச் செய்வது இரண்டு கூரைச் சரிவு சேரும் கூடல்வாயும், தண்ணீரை ஏந்தும் தகரக் காலும் (தகரக் கால்வாய்). தகரக் கால் இரண்டு கிளாம்புக்கு நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் நிற்கும். 3 அடிக்கு ஒரு கிளாம்பு, 10 அடிக்கு ஓர் அங்குல வாட்டம் கொடுங்கள்.

கொல்லை வடிகால்

தட்டையான அடி உள்ள கால்வாயில் சிறு ஓட்டம் பரவிப்போய் நகராது. அடி வளைவாக இருந்தால் கொஞ்சத் தண்ணீரும் ஒரு கோடாகச் சேர்ந்து ஓடும். 6 அங்குலப் பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து அடியில் பதித்து, இரு பக்கமும் செங்கல் வைத்துப் பூசினால் போதும். மேலே பலகைக்கல் மூடி, ஒருவர் தூக்கும் அளவில் 2 அடி நீளத்துக்கு மேல் வேண்டாம். தூக்க முடியாத மூடியின் அடியில் யாரும் சுத்தம் செய்வதில்லை.

அடுப்படி, குளியலறைத் தண்ணீரை மழைநீர் வடிகாலோடு சேர்க்காமல் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பலாம். 4 பேர் வீட்டுக்கு 10 அடிக்கு 4 அடிப் பாத்தியில் தொடங்குங்கள். களியில் 2 அடி ஆழம் அள்ளி, உடைத்த செங்கலும் மணலும் கலந்து நிரப்பி நடுங்கள். பாத்தியின் மேல் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தால் பாத்தி சிறிது என்று பொருள், நீளம் கூட்டுங்கள். வடிகாலை ஒருபோதும் பாசன வாய்க்காலில் விடக் கூடாது. அது கீழே ஒருவர் வயலுக்கும் குளத்துக்கும் போகிற தண்ணீர்.

மனை எல்லையில் பழைய வயல் வாய்க்கால் ஓடிய தடம் இருந்தால் அதைத் தூர்த்துவிடாதீர்கள். நஞ்சையாக இருந்தபோது அந்த வயல் தொகுதி முழுவதற்கும் வடிகால் அதுதான். ஒருவர் மேடு போட்டு மூடியதும் மேல்பக்கம் ஏழெட்டு வீடுகளில் தண்ணீர் கட்டிக்கொள்வதைப் புதிய நகர்களில் வருஷா வருஷம் பார்க்கலாம். தெருவாகச் சேர்ந்து புரட்டாசியிலேயே குழாய்ப் பாலங்களைத் தூர்வாரச் சொல்லி ஊராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்தில் மனு கொடுங்கள். தண்ணீர் நின்ற பிறகு கொடுக்கும் மனுவுக்கு மோட்டார்தான் வரும், வடிகால் வராது.

எந்தக் கொசு, எந்தத் தண்ணீர்

பகலில், முக்கியமாகக் காலையிலும் அந்தி சாய்வதற்கு முன்னும், கடிப்பது ஏடிஸ். வீட்டு நல்ல தண்ணீரில் வளரும், பெரும்பாலும் சில நூறு அடிக்குமேல் பறக்காது. அதனால் அது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோதான் பிறந்தது. இரவில் காதருகே ரீங்கரிப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். சாக்கடை, செப்டிக் டேங்க், நாறிய குட்டை அதன் இடம். கும்பகோணம் வட்டாரம் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர்போனதற்குக் காரணம் இதுதான். மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் வகைகள் நெல்வயலில் வளர்பவை. வயலை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, ஜன்னலுக்கு வலையும் படுக்கைக்குக் கொசுவலையும்தான் வழி.

காலி மனைகளில் ஆகாயத்தாமரை மண்டிய குட்டையைப் பார்த்துவிட்டு, புழு தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். மான்சோனியா வகைக் கொசுவின் புழு செடியின் வேரில் குத்திக்கொண்டு அங்கிருந்தே மூச்சு வாங்கும், மேலே வராது. எண்ணெய் விட்டாலும் சாகாது. செடியை அள்ளிக் கரையில் போட்டுக் காயவிடுவது ஒன்றே வழி.

வெள்ளிக்கிழமை வேலை

வீடு கழுவும் வெள்ளிக்கிழமையோடு இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது. வாரம் ஒருமுறை என்பது கொசுவின் வளர்ச்சிக் கணக்கை ஒட்டியது, பத்து நாளுக்கு ஒருமுறை என்று தள்ளினால் ஒரு தலைமுறை பறந்துவிடும்.

பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீரின் மேல் இல்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில். மிளகைவிடச் சிறிய கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் அவை அங்கேயே இருக்கும். தேங்காய் நாரால் பிளீச்சிங் பவுடர் தொட்டு உட்புறம் முழுக்கத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். சிமென்ட் தொட்டி, குளியலறை அண்டா, மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் தொட்டி மூன்றுக்கும் இது கட்டாயம். புழு உள்ள தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் காய்ந்த தரையில் கொட்டுங்கள்.

கொல்லையில் கண் படாத இடங்கள்: ஒதுக்கிப்போட்ட ஆட்டுக்கல்லின் குழி, கொட்டாங்குச்சி, இளநீர்க் கூடு, எலி துளைத்து விழுந்த தேங்காய், வெட்டிய மூங்கில் முனை, கொட்டகைக் கூரை பறக்காமலிருக்க மேலே போட்ட டயர், வைக்கோல் போரை மூடிய தார்ப்பாயின் மடிப்பு. டயரில் நான்கு இடத்தில் துளை போடுங்கள், ஆட்டுக்கல் குழியில் மணல் நிரப்புங்கள், மூங்கிலைக் கணுவோடு ஒட்ட வெட்டுங்கள். உள்ளே ஃபிரிட்ஜின் பின்தட்டும் ஏர்கூலரும்.

சம்ப்பையும் மேல்தொட்டியையும் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. இருட்டிய பிறகு எரிகிற டார்ச்சை ஒரு கயிற்றில் கட்டிச் சம்ப்புக்குள் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டு மூடியைப் போடுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் கொசு நுழையும். பெரும்பாலும் மூடி விளிம்பு, தூக்கும் வளையத்தின் துளை, குழாய் நுழையும் இடம். குழாயைச் சுற்றிக் கலவை அடையுங்கள், மூடி விளிம்புக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். மேல்தொட்டியின் வழிந்தோடும் குழாய்க்கு எல்போ போட்டுக் கீழ்நோக்கித் திருப்பி வலை கட்டுங்கள். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய்க்கும் வலை வேண்டும். வலைக்கண் 1.2 மி.மீ.க்குமேல் இருக்கக் கூடாது. துணி கட்டினால் சில மாதத்தில் மட்கிவிடும், நைலான் வலையைக் கிளிப் போட்டு இறுக்குங்கள். பாதி மூடிய தொட்டி திறந்த தொட்டியைவிட மோசம்: உள்ளே இருட்டும் குளிர்ச்சியும், போய்வர வழியும்.

மருந்து, மீன், புகை

காலி செய்ய முடியாத தண்ணீருக்கு டெமிஃபாஸ், அதாவது அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து. 1 சதவீத மணல்குருணை என்றால் 100 லிட்டருக்கு 10 கிராம். அதற்குமேல் குடிநீரில் போடக் கூடாது. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து ஊற்றும்போது மறுக்காதீர்கள், தொட்டியின் கொள்ளளவை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கமா வடிவில் உருண்டு புரள்கிற கூட்டுப்புழு தெரிந்தால் மருந்து பலிக்காது. அந்தப் பருவத்தில் அது எதையும் தின்பதில்லை, ஓரிரு நாளில் பறந்துவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டியே ஆக வேண்டும்.

பிளீச்சிங் பவுடரைச் சாக்கடை ஓரம் கோலம் போலத் தூவுவதால் கொசுப்புழு சாகாது. அது கிருமிக்கானது. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அதுதான் மருந்து: 1,000 லிட்டருக்கு 4 கிராம். 3 அடி விட்டமுள்ள உறைக்கிணற்றில் ஓர் அடி ஆழம் 200 லிட்டர் என்று கணக்கிட்டு, வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள்.

கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் பத்துப் பதினைந்து விடலாம். குளோரின் போடும் கிணற்றில் மீன் நிற்காது, இரண்டில் ஒன்றுதான். ஆற்றிலோ கோயில் குளத்திலோ இந்த மீனை விடாதீர்கள், நம் ஊர்ச் சிறுமீன்களை அழித்துவிடும். புகை அடிப்பது அந்த நேரம் பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தொட்டியில் இருக்கும் புழு மறுநாள் பறக்கும்.

வெள்ளம் வடிந்த பிறகு

பெருமழை கொட்டும் நாட்களில் கொசு குறையும், புழுக்கள் அடித்துக்கொண்டு போய்விடும். ஆபத்து மழை விட்டு வெயிலடிக்கும் இரண்டாம் வாரத்தில். மழை விட்ட பின் வரும் இரண்டு வாரமும் வெள்ளிக்கிழமையோடு செவ்வாயும் சேர்த்து வாரம் இருமுறை சுற்றிப் பாருங்கள். காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் விடும் நேரத்திலிருந்து இரண்டு நாள்தான் இன்னும் கவனம் தேவைப்படும் காலம். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனை.

தை பிறந்து தரை காய்ந்ததும் வாளி, டிரம், பூந்தொட்டித் தட்டு, டயர் எல்லாவற்றையும் பரணிலோ கொட்டகையிலோ ஏற்றுவோம். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றின் உட்புறத்தையும் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். கோடை மழையில் அந்த டிரம்மில் ஒரு கை தண்ணீர் விழுந்தால் பொரிந்துவிடும்.